மிஸ் யோகஹாமாவின் மொழிபெயர்ப்பாளர்

1926 ஆகஸ்ட் 6, வெள்ளி

“மேடையிலே பாடினப்போ கெட்டதா இருந்த பாட்டு, இந்தப் பள்ளிக்கூடத்து வாசல்படி ஏறினதும் எப்படிம்மா நல்லதாச்சு? நல்லதாயிட்டதுன்னா, இப்போ மறுபடியும் எப்படிக் கெட்டுது?”

அபயாம்பாள் இன்று மாலை என்னைக் கேட்டது இது. தத்துவத்தில் பட்டம் வாங்கி இருபத்தைந்து வருடமாகிறது. கல்லூரியில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு பக்கமாவது எழுத முடிந்தது. இதற்கு ஒரு வரி வரவில்லை.

அவள் எங்கள் பள்ளிக்குப் பாட்டு ஆசிரியையாக வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை இந்தப் பெண்கள் பிரார்த்தனைப் பாட்டைப் பாடினால் எதிர்ச்சாரியில் மாடு மிரளும். இப்போது நாகப்பட்டினத்துக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். போன வாரம் பள்ளிக் கமிட்டியின் காரியதரிசி, வக்கீல் வைத்தியநாத பிள்ளை, ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தார். அபயாம்பாள் பத்தொன்பது வயது வரை நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டியவளாம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தாமே பார்த்தாராம், தஞ்சாவூரில். எங்கிருந்து பார்த்தீர்கள் என்றேன். “முன்வரிசைதான் மிஸ், சோபா டிக்கெட்டு” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. அவரும் அவளும் ஒரே கொட்டகையில் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்கள். பார்த்தவர் கமிட்டியில் இருக்கலாம், பாடியவள் பள்ளியில் இருக்கக் கூடாது.

இந்த மாதக் கடைசிக்குள் அவள் தானாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்பது கமிட்டியின் தீர்மானம். அவளிடமிருந்து ராஜினாமாவை எழுதி வாங்க வேண்டியது தலைமையாசிரியையான என் வேலை. கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

நான் உணர்ச்சிவசப்படுகிறவள் அல்ல. எழுதுவதற்குத் தாள் எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7, சனி

குடையில் ஒரு கம்பி முறிந்தது. பழுது பார்க்கிறவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான். வண்ணான் யாருடைய ரவிக்கையையோ கொண்டுவந்து என்னுடையது என்று சாதிக்கிறான்.

ஆகஸ்ட் 9, திங்கள்

காலை இரண்டாம் மணி அடித்ததும் தெருவில் பேண்டு வாத்தியம். ஒரு மாட்டுவண்டி நிறையத் தட்டி கட்டி, நோட்டீசுகளை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். எட்டாம் வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கியது. நோட்டீசு ஒன்று என் மேசை வரை பறந்து வந்தது. “உதயசூரியன் வெரைட்டி கம்பெனி! பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு முதலிய பட்டணங்களில் வெற்றி முரசு கொட்டியது! அசல் ஜப்பான் தேசத்து நாட்டிய சிங்காரி மிஸ் யோகஹாமா! பாட்டு, டான்சு, குட்டிக்கரணம், காமிக்!”

யோகஹாமா ஒரு துறைமுகம். ஒரு பெண்ணுக்கு அதைப் பெயராக வைப்பது என்னை மிஸ் நாகப்பட்டினம் என்று அழைப்பதற்குச் சமம். ஏழாம் வகுப்பில் பூகோளம் படிக்கிற பெண்ணுக்குக்கூட இது தெரியும். ஊரில் வேறு யாருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் காரியதரிசி மூச்சிரைக்க வந்தார். மிஸ் யோகஹாமாவுக்கு நம் பள்ளி மண்டபத்தில் வரவேற்பு நடத்தப் போகிறாராம். இருபத்தோராம் தேதி. பந்தல், மாலை, சந்தனம், உபசாரப் பத்திரம். தலைமையாசிரியை ஆங்கிலம் அறிந்தவர் ஆகையால், அந்த அம்மாள் பேசுவதை நான் மொழிபெயர்க்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தால் ஜப்பான் பாஷையும் தெரியும் என்பது அவர் கணக்கு.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, வியாழன்

இன்று காரியதரிசியுடன் நடந்த பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் நானே நம்பமாட்டேன்.

“மிஸ் யோகஹாமா எங்கே ஆடுகிறார்?” என்றேன்.

“கொட்டாயிலதான். தினமும்.”

“மேடையிலா?”

“மேடையில்லாம வேற எங்க மிஸ் ஆடுவாங்க?”

“அபயாம்பாளும் அங்கேதான் பாடினாள்.”

அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். “நீங்க படிச்சவங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்களே. அது ஜப்பான், மிஸ். ருசியாவையே மண்ணைக் கவ்வ வெச்ச தேசம். அங்கே ஆடுறதுன்னா அது ஒரு கலை. இங்கே ஆடுறதுன்னா...” என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமல் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார்.

“இங்கே ஆடினால்?”

“உங்களுக்குத் தெரியாததா? நாலு பெரிய மனுஷங்க வீட்டுப் பொண்ணுங்க படிக்கிற இடம். சரி, ராஜினாமா வந்துச்சா?”

தாள் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 14, சனி

கம்பெனியார் பெண்களுக்கென்று பகல் காட்சி போட்டிருந்தார்கள். மேல்வகுப்புப் பெண்கள் போக வேண்டும் என்று கமிட்டியே உத்தரவிட்டதால் மேற்பார்வைக்காக நானும் போனேன். எனக்கு இதிலெல்லாம் ருசி இல்லை. அபயாம்பாளையும் துணைக்கு வரச் சொன்னேன். இன்னும் அவள் எங்கள் ஆசிரியைதான்.

தகரக் கொட்டகைக்குள் வெந்துவிட்டோம். திரை தூக்கியதும் பின்னால் ஃபூஜி மலை. கைலாயத் திரையிலேயே கூடுதலாக வெள்ளை பூசி ஃபூஜி ஆக்கியிருக்கிறார்கள், ஒரு மூலையில் நந்தியின் பின்பாதி அழியாமல் நிற்கிறது. கால் ஹார்மோனியம் அலறிற்று. விசிறிகளோடு ஆறு பேர் ஓடி வந்தார்கள். அதில் நாலு பேருக்கு மீசையை வழித்த இடம் பச்சையாகத் தெரிந்தது. பிறகு ஒரு காமிக். ருசியத் தளபதி தாடியோடு வந்து வழுக்கி வழுக்கி விழுந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்து வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

அப்புறம் மிஸ் யோகஹாமா. உயரமில்லாத பெண், முப்பது வயது இருக்கும். நீலப் பட்டில் தரை வரை தொங்கும் அங்கி, கொக்கு வரைந்த காகிதக் குடை, மரச்செருப்பு. அந்தச் செருப்போடு அவள் சத்தமே எழுப்பாமல் நடந்தாள். குடையைச் சுழற்றியபோது கொக்குகள் பறந்தன. இத்தனை விவரமாக எழுதுவது மேற்பார்வைக்குப் போனவள் கவனித்தாள் என்பதற்குச் சாட்சியாக மட்டுமே.

ஆட்டம் முடிந்து, அவள் குனிந்து வணங்கித் தன் பாஷையில் பேசினாள். கிளிப்பேச்சைப்போல மெல்லிய குரலில், இழுத்து இழுத்து. கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. எனக்குப் பக்கத்தில் மட்டும் ஏதோ அசைந்தது. அபயாம்பாளின் வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, விரல் எண்ணி, திருப்பி, மறுபடி தட்டி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர்.

“என்ன?” என்றேன்.

“ஜதிம்மா” என்றாள், அடக்க முடியாமல். “ஜப்பான் பேச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. தகிட தகதிமியை மெதுவா, கொஞ்சிக் கொஞ்சிச் சொல்றா. மிஸ்ரசாபு தாளம். நான் பத்து வயசுல அடி வாங்கிப் படிச்சது.” இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்து இந்த இரண்டு வாரத்தில் நான் பார்க்கவில்லை.

முன்வரிசையில் பெரிய மனிதர்கள் வீட்டுப் பெண்கள், ஜப்பான் பாஷை தேன் மாதிரி இருக்கிறதென்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தேவாலயத்தில் போதகர் பொய்ச்சாட்சி பற்றிப் பிரசங்கித்தார். அளவுக்கு மீறி நீளம்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

வரவேற்பு ஏற்பாட்டைப் பேசி வரும்படி காரியதரிசி என்னைக் கம்பெனியின் ஜாகைக்கு அனுப்பினார். வெளிப்பாளையத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு. வெயிலில் முறிந்த குடையோடு போய்ச் சேர்ந்தேன். வாசல் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கையில், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏய்யா, இது ரசமா, இல்ல பாத்திரம் கழுவுன தண்ணியா? புளின்னு ஒண்ணு இருக்குறது உனக்குத் தெரியுமாய்யா? கடல்ல முக்கி எடுத்தாப்பல இருக்கு. நீயே குடி!”

தட்டியை விலக்கினேன். மிஸ் யோகஹாமா சுங்கடிச் சேலையில், கையில் கிண்ணத்தோடு நின்றாள். எதிரே சமையல்காரன். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்து, கைகளைக் கோத்து, ஜப்பானிய முறையில் குனிந்தாள்.

“வேண்டாம்” என்றேன். “எல்லாம் கேட்டுவிட்டது.”

அவள் நிமிர்ந்து, பெரிதாக மூச்சு விட்டு, தரையில் உட்கார்ந்தாள். “அப்பாடா. உக்காருங்கம்மா. எட்டு நாளாச்சு ஒரு பொம்பளைகிட்ட பேசி.”

பெயர் ரத்தினவல்லி. பினாங்கில் எந்தச் சீனத்தி பெற்றாளோ, பிறந்த பத்தாம் நாள் ஒரு தமிழ்க் குடும்பம் வாங்கி வளர்த்திருக்கிறது. அங்கே அது சகஜமாம். வளர்த்தவள் திருவாரூர்க்காரி, ஆட்டம் தெரிந்தவள். “எனக்குத் தமிழ்தாம்மா தெரியும். மார்க்கெட்டுக்குப் போக மலாய் கொஞ்சம். ஜப்பான் எந்தத் திக்குல இருக்குன்னு கேட்டீங்கன்னா முழிப்பேன். மூஞ்சி மட்டும் இப்படி அமைஞ்சு போச்சா, மேனேஜர் புடிச்சுக்கிட்டாரு.”

மேனேஜர் கோவிந்தராஜுலுவின் சட்டம் இது. ஊர் எல்லைக்குள் வந்தது முதல் வெளியே போகிற வரை அவள் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரக் கூடாது. வயிறு வலித்தாலும் சைகைதான். மீறினால் அடுத்த கப்பலில் பினாங்குக்கு அனுப்பிவிடுவார்.

“காரைக்கால்ல ஒரு மீன்காரி என் மூஞ்சிக்கு நேரா, இந்தப் பல்லியை யார் கட்டிக்குவாங்கன்னா. நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். வாயைத் தொறந்திருந்தேன்னா அன்னிக்கு அவ கூடையைக் கவுத்துட்டு ஓடியிருப்பா.” பிறகு, “அன்னிக்கு உங்க பக்கத்துல ஒரு அம்மா தாளம் போட்டாங்களே, யாரு? மேடையிலேர்ந்து பார்த்தேன். எனக்கு அடி நழுவப் பார்த்துச்சு” என்றாள்.

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல நினைத்தேன். சோபா டிக்கெட்டு வரை வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே சுங்கடி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

“எனக்கு மாலை, அவங்களுக்குச் சீட்டுக் கிழிப்பா?” என்றாள்.

அப்போது மேனேஜர் வந்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்று கண்டதும் காலில் விழாத குறை. “அம்மா, கம்பெனியைக் கெடுத்துடாதீங்க. அவ வழக்கப்படி ஏதோ சொல்லுவா. நீங்க நல்லதா நாலு வார்த்தை, உங்களுக்குத் தோணறதைத் தமிழ்ல சொல்லிட்டா முடிஞ்சுது. யாரு கேக்கப் போறா?”

என்னை, பொய் சொல்லச் சொல்கிறார். எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, புதன்

மொழிபெயர்க்க முடியாது என்று காரியதரிசியிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன்.

அபயாம்பாள் வகுப்பறை அலமாரியிலிருந்து தன் சுருதிப்பெட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். “கடைசி நாள்ல எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறது சிரமம்மா. கொஞ்சங்கொஞ்சமா எடுத்துக்கறேன்.” அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. மறுபடி மேடைக்குப் போகலாமே என்று நேற்று ஒரு கமிட்டி அங்கத்தினர் யோசனை சொன்னாராம், சிரித்துக்கொண்டே. முப்பத்தைந்து வயதில். அவள் அந்த வாழ்க்கையை விட்டு வந்ததற்குத்தானே நியாயமாக இவர்கள் மெச்ச வேண்டும்? மெச்ச வேண்டாம், சும்மா இருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 19, வியாழன்

தொண்டை சரியாகிவிட்டது. மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

மாலையில் வெளிப்பாளையம் போய் வந்தேன். செவ்வாயன்று கைக்குட்டையை அங்கே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைத் தேட ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 21, சனி

மண்டபம் நிரம்பி, ஜன்னலிலும் தலைகள். காரியதரிசி சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். ஆசிரியைகளில் ஒருத்தி மட்டும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்று காலையிலேயே எனக்குத் தகவல் வந்தது. அபயாம்பாள் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உபசாரப் பத்திரத்தில் ருசியாவின் தோல்வி மூன்று முறை வந்தது. மாலை போட்டார்கள். சந்தனம் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவரான ஊரின் பெரிய மிராசுதார் எழுந்து தம் நாற்காலியை அவளுக்காக நகர்த்தினார். ஒரு நாடகக்காரிக்கு அவர் எழுந்து இடம் கொடுத்ததை இந்த ஊர் முதல்தடவையாகப் பார்த்தது. ஆனால் பார்த்ததாக ஊருக்குத் தெரியாது.

மிஸ் யோகஹாமா எழுந்து குனிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நான் எதையும் தயாரித்துக்கொண்டு போகவில்லை.

அவள் மெல்லிய குரலில் ஒரு ஜதி சொன்னாள். நிறுத்தினாள்.

“இந்த ஊருக்கு வந்ததில் மகிழ்ச்சி என்கிறார்” என்றேன். கைதட்டல்.

இன்னொன்று, சற்று நீளமாக. தகதிமி ஒன்றை அவள் இழுத்தபோது ஏக்கமாகவே இருந்தது.

“தங்கள் நாட்டில், மேடையில் பாடித் தேர்ந்தவர்களைத்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அழைப்பார்களாம். மற்றவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்க மாட்டார்களாம்.”

ஜப்பானில் என்ன வழக்கமோ எனக்குத் தெரியாது. என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

மூன்றாவது ஜதி வேகமாக வந்தது. முடிவில் அவள் குரலைக் கேள்விபோல் உயர்த்தி, கூட்டத்தைக் கண்ணால் தேடினாள்.

“தமிழ்நாட்டிலும் அப்படிச் செய்கிற பள்ளி ஒன்று உண்டென்று பினாங்கிலேயே கேள்விப்பட்டாராம். அது இதுதானா என்று கேட்கிறார். அந்த ஆசிரியையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார்.”

மேனேஜர் ஓரத்தில் நின்று வியர்வையைத் துடைத்தார். அவரால் எதுவும் சொல்ல முடியாது. காரியதரிசி மிராசுதாரைப் பார்த்தார், மிராசுதார் கூரையைப் பார்த்தார். நாலாம் வகுப்பில் யாரோ ஒரு பெண், “எங்க டீச்சர்! எங்க பாட்டு டீச்சர்!” என்று கத்தினாள். பிறகு பெண்கள் எல்லோரும்.

காரியதரிசி எழுந்தார். ஒரு கணம், வெறும் ஒரு கணம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மார்பை நிமிர்த்தினார்.

“இதே பள்ளிக்கூடம்தான்!” என்று முழங்கினார். “இந்த ஊர் என்ன நினைக்கும், உலகம் என்ன பேசும்னு நாங்க பார்க்கலே! எங்க கமிட்டியின் விசால மனப்பான்மை கடல் கடந்தும் பரவியிருக்குன்னா, அதுக்கு நான்... அபயாம்பாளம்மா, அங்கே ஏன் உக்காந்துட்டீங்க? மேல வாங்க!”

அவள் தூணை விட்டு வர நேரமாயிற்று. மேடையில் ரத்தினவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஜதி சொன்னாள், இம்முறை கொஞ்சாமல், அடிக் குரலில். அபயாம்பாள் எல்லோர் முன்னாலும் தாளம் போட்டாள். அதற்கு நான் மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கூட்டம் கலைந்தபோது காரியதரிசி என் காதருகில், “அந்த ராஜினாமா விஷயம்... அப்படி ஒண்ணு நடக்கவே இல்லேன்னு வெச்சுக்குங்க மிஸ். ஜப்பானே மெச்சின டீச்சர்” என்றார்.

சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு வாரம் நான் அந்த மனிதரிடம் நியாயம் பேசினேன். தர்க்கம் பேசினேன். பரீட்சை மார்க்குகளைக் காட்டினேன். எதுவும் ஏறவில்லை. ஒரு நீலப்பட்டு அங்கி தகதிமி என்றதும் ஏறிவிட்டது.

அபயாம்பாள் சுருதிப்பெட்டியோடு திரும்பி வந்து, அலமாரியில் அதே இடத்தில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. “நீங்க தமிழ்ல சொன்னதுதாம்மா தப்பு” என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கம்பெனியார் காலை ரயிலில் மாயவரம் புறப்பட்டார்கள். நானும் அபயாம்பாளும் ஸ்டேஷனுக்குப் போனோம். காரியதரிசி மாலையோடு முன்பே வந்து நின்றார். ரத்தினவல்லி அந்த வெயிலிலும் முழு அங்கியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காரியதரிசி அவளிடம் ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க, செவிடருக்குச் சொல்வதுபோல, “மீண்டும்... வருக” என்றார். அவள் குனிந்தாள்.

வண்டி நகர்ந்தது. அவள் என் கையிலிருந்த முறிந்த குடையைப் பார்த்தாள். மேனேஜர் அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கொக்குக் குடையை என் கையில் திணித்தாள்.

“இந்த ஓட்டைக் குடையைத் தூக்கிக் கடாசுங்கம்மா, மண்டை வெடிச்சுடும் வெயில்ல!” என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “ஏ அபயாம்பா, நேத்து ஜதி முடியற தீர்மானத்துல ஒரு அடி விட்டுட்டியே, கவனிக்கலைன்னு நெனச்சியா? நல்லா சாதகம் பண்ணு! வர்றேன்!”

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டதைக் கடைசியாகப் பார்த்தேன். வண்டி வளைவு திரும்பியது.

நான் காரியதரிசியின் பக்கம் திரும்பினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் வேலையையும் அபயாம்பாள் வேலையையும் பறிக்க நாளைக்கே கமிட்டி கூடும் என்று நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வண்டி போன திசையையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“பார்த்தீங்களா மிஸ்?” என்றார். “வந்து முழுசா ரெண்டு வாரம்கூட ஆகலே. அதுக்குள்ள தமிழ் எப்படிப் பேசறாங்க! ஜப்பான்காரங்க புத்தியே புத்தி. நம்மாளுங்களும் இருக்காங்களே.”

கொக்குக் குடையை விரித்துக்கொண்டு, அபயாம்பாளையும் அதற்குள் வரச் சொல்லி, கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன்.